பழைய காருக்குக் காப்பீடு எடுக்கிறீர்களா? மதிப்பை முதலில் எழுத்தில் வாங்குங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை உலுக்கிய இரவில், எங்கள் வாசலில் நின்றிருந்த 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் மீது வேப்பமரக் கிளை ஒன்று முறிந்து விழுந்தது. ஹெரால்டில் பானெட்டும் இரண்டு பக்க மட்கார்டுகளும் சேர்ந்து ஒரே கூடாக முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். அதனால் ஓர் இடத்தில் விழுந்த அடி காரின் முகம் முழுவதையும் நெளித்துவிட்டது. முன் கண்ணாடியும் போயிற்று. டிங்கரிங், பெயின்ட், கண்ணாடி எல்லாம் சேர்த்து 86,000 ரூபாய்க்கு மதிப்பீடு வந்தது. முழுக் காப்பீடு இருக்கிறதே என்ற நிம்மதியில் பாலிசியை எடுத்துப் பார்த்தபோதுதான், காரின் மதிப்பு என்ற இடத்தில் 40,000 ரூபாய் என்று அச்சிட்டிருந்ததைக் கவனித்தேன். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டியதால், காரையே முழு இழப்பாகக் கணக்கில் எடுத்தார்கள். காரை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை. ஆகவே சிதைந்த காரின் விலையென்று 15,000 ரூபாயும், நாங்கள் ஏற்க வேண்டிய கட்டாயத் தொகை 1,000 ரூபாயும் கழித்து 24,000 ரூபாய் தந்தார்கள். மீதி 62,000 ரூபாய் எங்கள் கையிலிருந்து போனது.

அந்த 40,000 ரூபாயை யாரும் எங்கள் மீது திணிக்கவில்லை. முகவர் தாமாக ஓர் எண்ணை எழுதினார், நான் படிக்காமல் கையெழுத்திட்டேன். அதன் பிறகு சரியான பாலிசியைப் பெற ஏறத்தாழ இரண்டரை மாதம் அலைந்தேன். ஹெரால்டு, பியட் 1100, பத்மினி, அம்பாசடர் என்று ஏதேனும் ஒன்றை வீட்டில் வைத்திருப்பவர்களும் புதிதாக வாங்கப் போகிறவர்களும் அந்த அலைச்சலைத் தவிர்க்க வேண்டும் என்பதற்காக, செய்ய வேண்டியவற்றை வரிசைப்படி எழுதுகிறேன். வெளிநாடுகள் சிலவற்றில் உள்ளதைப் போலப் பழங்கார்களுக்கென்றே தனிக் காப்பீட்டுச் சந்தை நம் நாட்டில் வளரவில்லை. பொதுவான மோட்டார் பாலிசிக்குள்ளேயே நமக்கு வேண்டியதைக் கேட்டு எழுதி வாங்க வேண்டியிருக்கிறது.

1. உங்கள் கார் எந்த வகையில் வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள்

‘விண்டேஜ்’ என்ற சொல்லுக்கு இங்கே இரண்டு வேறு பொருள்கள் உள்ளன. காப்பீட்டு அலுவலகத்தில் நிகழும் குழப்பத்தில் பாதி இதனால் வருவதே.

முதலாவது, 2002-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் கட்டண விதிகள் சொல்லும் பொருள். 1940 டிசம்பர் 31-க்கு முன் தயாரானதும், இந்திய விண்டேஜ் மற்றும் கிளாசிக் கார் கிளப்பின் சான்று பெற்றதுமான தனியார் கார்தான் அந்த விதிப்படி விண்டேஜ். அதற்கு மட்டுமே, முன்கூட்டியே ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தரும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசியை அந்த விதிகள் அனுமதித்தன. சொந்தச் சேதப் பிரீமியத்தில், அதாவது நம் காருக்கே நேரும் சேதத்துக்காகக் கட்டும் பிரீமியத்தில், 25 சதவீதத் தள்ளுபடியும் அதற்கே உண்டு. 2007-இல் சொந்தச் சேதப் பிரீமியத்தின் விலைக் கட்டுப்பாடு நீக்கப்பட்டதால், இன்று அந்தத் தள்ளுபடியைத் தருவதும் தராததும் நிறுவனத்தின் விருப்பம்.

இரண்டாவது, 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட பொருள். முதல் பதிவு நாளிலிருந்து 50 ஆண்டுகள் கடந்த, சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களை வட்டாரப் போக்குவரத்துத் துறையில் விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம். அவ்வாறு பதிவான தனியார் காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியம், அதாவது நம் காரால் பிறருக்கு நேரும் இழப்புக்கான பிரீமியம், பாதியாகக் குறையும்.

எங்கள் ஹெரால்டு முதல் வகையில் வராது, இரண்டாவதில் வரும். 1985-இல் வாங்கிய பத்மினியோ இரண்டிலும் வராது. சட்டத்தின் கண்ணில் அது வெறும் பழைய கார். ஆனாலும் மனம் தளர வேண்டாம். பத்மினிக்கும் நல்ல மதிப்பை எழுதி வாங்கும் வழி விதியிலேயே இருக்கிறது. அதை நான்காம் படியில் சொல்கிறேன்.

2. ஆர்.சி. புத்தகத்தை முதலில் சரிசெய்யுங்கள்

பழைய கார்களில் பெரும்பாலானவை தாத்தாவின் பெயரிலோ மாமனாரின் பெயரிலோ நிற்கின்றன. இறந்தவர் பெயரில் உள்ள பாலிசி, அவர் இறந்த நாளிலிருந்து 3 மாதம் வரை அல்லது பாலிசி முடியும் நாள் வரை, இவற்றில் எது முந்துகிறதோ அதுவரை மட்டுமே வாரிசுகளுக்குப் பயன்படும். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு படிவம் 31 கொடுத்துப் பெயரை மாற்றிக்கொள்ளுங்கள். விலைக்கு வாங்கியிருந்தால் படிவம் 29, 30. வாங்கிய 14 நாட்களுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் விண்ணப்பித்துப் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், மூன்றாம் தரப்புக் காப்பு தொடர்ந்தாலும் உங்கள் காருக்கு நேரும் சேதத்துக்கு ஒரு ரூபாயும் கிடைக்காமல் போகலாம்.

அடுத்து, பதிவின் காலம். தனியார் காரின் பதிவு முதலில் 15 ஆண்டுகளுக்கும், பிறகு படிவம் 25 மூலம் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறையும் புதுப்பிக்கப்படும். 2022 ஏப்ரல் முதல் கார்களுக்கான புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தம் 20 ஆண்டு கடந்த கார்களுக்கு அதை 10,000 ரூபாயாக உயர்த்தியது. பசுமை வரி தனி. செலவு அதிகம் என்று இதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவு காலாவதியான வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டுவது காப்பீட்டு ஒப்பந்தத்தின் அடிப்படையையே மீறுவது என்று, தற்காலிகப் பதிவு முடிந்த வாகனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2014-இல் சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பைக் காட்டி இழப்பீட்டை மறுப்பது எளிது.

மூன்றாவதாக எஞ்சின் எண், சேஸிஸ் எண். உதிரி பாகம் கிடைக்காத காலத்தில் பல கார்களுக்கு எஞ்சினை மாற்றினார்கள். பெட்ரோல் அம்பாசடரில் டீசல் எஞ்சின் ஏறியது. ஆர்.சி.யில் உள்ள எண்ணும் எஞ்சினில் செதுக்கிய எண்ணும் பொருந்தாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின் கீழ் மாற்றத்துக்கு ஒப்புதல் பெற்று ஆர்.சி.யில் பதிந்த பிறகே காப்பீட்டுக்குச் செல்லுங்கள். கேஸ் கிட் பொருத்தியிருந்தாலும் அப்படியே. சேஸிஸ் எண்ணுக்குப் பென்சில் பிரிண்ட் எடுத்து இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள், பல இடங்களில் கேட்பார்கள். துருவும் பெயின்ட்டும் மூடிய எண்ணைத் தேடி எடுக்கவே எங்கள் மெக்கானிக்குக்கு ஒரு காலைப்பொழுது பிடித்தது.

பழைய எண்கள் கணினியில் ஏறாமல் இருப்பது இன்னொரு தடை. எங்கள் காரைப் போல மூன்று ஆங்கில எழுத்துகளும் நான்கு இலக்கங்களும் கொண்ட எண்ணாக இருந்தால், அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்தில் விவரம் ஏறியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் அசல் ஆர்.சி. புத்தகத்தோடு, கார் பதிவாகியுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கே சென்று ஏற்றச் சொல்ல வேண்டும். எங்கள் கார் தஞ்சாவூர்ப் பதிவு. சென்னையிலிருந்து இரண்டு முறை போய்வந்தேன், மூன்று வாரம் ஆயிற்று.

3. விண்டேஜ் பதிவு உங்களுக்கு வேண்டுமா என்று யோசியுங்கள்

50 ஆண்டு கடந்துவிட்டது என்பதற்காக உடனே விண்டேஜ் பதிவுக்கு ஓட வேண்டியதில்லை. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய், அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை 5,000 ரூபாய். படிவம் 20-இல் விண்ணப்பித்தால் 60 நாட்களுக்குள் படிவம் 23அ-வில் சான்று தர வேண்டும் என்பது விதி. ஏற்கெனவே பதிவுள்ள கார் தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தோடு செல்லத்தக்க காப்பீட்டுப் பாலிசியும் இணைக்க வேண்டும். ஆகவே சாதாரணப் பாலிசி முதலில், விண்டேஜ் பதிவு பிறகு, தள்ளுபடி அதற்கும் பிறகு என்ற வரிசையில்தான் வேலை நடக்கும்.

விண்டேஜாகப் பதிவான காரை அன்றாடப் போக்குவரத்துக்கோ வணிகத்துக்கோ ஓட்டக் கூடாது என்ற நிபந்தனை இதில் முக்கியமானது. கண்காட்சி, விண்டேஜ் ஊர்வலம், ஆய்வு, எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. வெள்ளிக்கிழமைதோறும் கோயிலுக்கும் மாதம் ஒருமுறை ஊருக்கும் ஓட்டுகிற குடும்பத்துக்கு இது பொருந்தாது. மிச்சமாகும் தொகையையும் கணக்கிடுங்கள். எங்கள் காருக்கு மூன்றாம் தரப்புப் பிரீமியம் ஆண்டுக்கு 2,094 ரூபாய். அதில் பாதி 1,047 ரூபாய். 10 ஆண்டில் மிச்சமாவது ஏறத்தாழ 10,500 ரூபாய், அதற்காகச் செலவிடுவதோ 20,000 ரூபாய். பிரீமியத்தைக் குறைப்பதற்காக மட்டும் இந்தப் பதிவை எடுக்க வேண்டாம் என்பது என் கருத்து. காரைக் காட்சிக்கு வைப்பவர்களும், பழமையை அரசுச் சான்றோடு நிறுவ நினைப்பவர்களும் எடுக்கட்டும்.

4. மதிப்பை நிறுவுங்கள்

முழு வேலையில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். பாலிசியில் ஐ.டி.வி. என்று அச்சிடப்படும் தொகையே, கார் திருடு போனாலோ முழுதாக அழிந்தாலோ உங்களுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச அளவு. புதிய கார்களுக்கு இதைக் கணக்கிடும் அட்டவணை இருக்கிறது: 6 மாதத்துக்குள் 5 சதவீதம் தேய்மானம் என்று தொடங்கி, 4 முதல் 5 ஆண்டு வரையிலான காருக்கு 50 சதவீதம் என்று முடிகிறது. 5 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கும், தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கும் அட்டவணை கிடையாது. அவற்றின் மதிப்பை நிறுவனமும் காரின் உரிமையாளரும் பேசி, ஒத்துக்கொண்டு நிர்ணயிக்க வேண்டும் என்று கட்டண விதியே சொல்கிறது. பாலிசிக் காலம் முழுவதும் அந்தத் தொகையையே, மேலும் தேய்மானம் கழிக்காமல், சந்தை மதிப்பாகக் கொண்டு முழு இழப்பைக் கணக்கிட வேண்டும் என்றும் சொல்கிறது.

இந்த இரண்டு வாக்கியங்களையும் நான் பாலிசி எடுக்கும் முன்பே அறிந்திருந்தால் 62,000 ரூபாயை இழந்திருக்க மாட்டேன். 1940-க்கு முந்தைய கார்களுக்குக் கிடைக்கும் ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ பாலிசி ஹெரால்டுக்கோ பத்மினிக்கோ கிடைக்காவிட்டாலும், ஐ.டி.வி.யைப் பேசி உயர்த்தி எழுதி வாங்கினால் முழு இழப்பின்போது ஏறக்குறைய அதே பயன் கிடைக்கும். பேச்சுக்குச் சான்று வேண்டும், அவ்வளவுதான். கணினியில் உங்கள் மாடலே இல்லாதபோது அலுவலர் சிறிய எண்ணைத்தான் எழுதுவார், ஏனென்றால் பெரிய எண்ணுக்கு அவர் மேலிடத்தில் காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள் தாளில் கொடுத்துவிடுங்கள்.

நான் திரட்டிய கோப்பில் இருந்தவற்றைச் சொல்கிறேன். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற சர்வேயர் ஒருவர் காரை நேரில் பார்த்து எழுதிய மதிப்பீட்டு அறிக்கை முதலாவது. அதற்கு நான் 3,500 ரூபாய் கொடுத்தேன். மற்ற எல்லாத் தாள்களையும்விட அதற்கே மதிப்பு அதிகம். ஆனால் அறிக்கையில் தொகை மட்டும் இருந்தால் போதாது. எஞ்சின், பாடி, தரைத்தகடு, உட்புற இருக்கை, மின்கம்பி என்று ஒவ்வொன்றின் நிலையும், எந்த அடிப்படையில் மதிப்பை அடைந்தார் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். அடுத்தது மறுசீரமைப்புச் செலவின் ரசீதுகள். பட்டறையில் பலரும் துண்டுச் சீட்டில்தான் கணக்கு எழுதித் தருகிறார்கள். அதைத் தேதி, கார் எண், முத்திரையுடன் கூடிய ரசீதாக அப்போதே மாற்றி வாங்குங்கள். ஆண்டுகள் கழித்துக் கேட்டால் கிடைக்காது. மூன்றாவது, அதே மாடல் கார்கள் சமீபத்தில் விற்பனைக்கு வந்த விலைக்கான ஆதாரங்கள், குறைந்தது மூன்று. நான்காவது, பழங்கார் கிளப்பில் உறுப்பினராக இருந்தால் அவர்கள் தரும் கடிதம்.

ஐந்தாவது படங்கள். நாள் தெரியும்படி எடுத்த 30, 40 படங்கள் இருக்கட்டும். நான்கு பக்கத்தோடு நிறுத்தாமல் அடிப்பகுதியையும் எடுக்க வேண்டும். ஹெரால்டுக்குப் பாடி வேறு, சேஸிஸ் வேறு. சேஸிஸின் பக்கக் கைகளில் துரு பிடிப்பது வழக்கம். விபத்துக்குப் பிறகு வரும் சர்வேயர், இது பழைய துரு, விபத்தால் வந்ததன்று என்று கழிப்பதற்கு இடம் உண்டு. அடிப்பகுதி சுத்தமாக இருந்ததைக் காட்டும் படம் கையிலிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடியும்.

எங்கள் ஹெரால்டுக்குச் சர்வேயர் 4 லட்சம் ரூபாய் எழுதினார். நிறுவனத்தின் அலுவலர் முதலில் ஒன்றரை லட்சம் என்றார். கோப்பைக் கொடுத்து, காரையும் காட்டி, இரண்டு வாரம் காத்திருந்த பிறகு 4 லட்சத்தையே ஏற்றார்கள். அதிகமாகக் கேட்பதும் ஆபத்துதான். சான்றில்லாமல் 10 லட்சம் என்று எழுதி வாங்கினால் ஆண்டுதோறும் அதற்குரிய பிரீமியம் கட்டுவீர்கள். இழப்பு நேரும் நாளில், தவறான தகவல் தந்து பாலிசி எடுத்தார் என்ற கேள்வி எழும். சான்று தாங்குகிற தொகையே சரியான தொகை.

5. எந்த வகைப் பாலிசி, எவ்வளவு செலவு

ஓடுகிற காருக்கு மூன்றாம் தரப்புக் காப்பு கட்டாயம். இல்லாமல் ஓட்டினால் முதல் முறை 2,000 ரூபாயும் அடுத்த முறை 4,000 ரூபாயும் அபராதம், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. அதன் பிரீமியம் எஞ்சின் அளவைப் பொறுத்தது. 2022 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி 1,000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். 948 சி.சி. கொண்ட ஹெரால்டு முதல் படியிலும், 1,089 சி.சி. கொண்ட பத்மினியும் 1,489 சி.சி. கொண்ட பெட்ரோல் அம்பாசடரும் இரண்டாம் படியிலும், 1,817 சி.சி. இசுசு எஞ்சின் அம்பாசடர் மூன்றாம் படியிலும் விழும். எஞ்சின் அளவைத் தவறாகப் பதிந்துவிடுவது உண்டு, சரிபாருங்கள்.

சொந்தச் சேதப் பிரீமியத்தை நிறுவனங்கள் தாமே நிர்ணயிக்கின்றன என்றாலும், பழைய கட்டண விகிதத்தைத் தெரிந்து வைத்திருப்பது பேரத்துக்கு உதவும். 10 ஆண்டு கடந்த, 1,000 சி.சி.க்கு உட்பட்ட காருக்கு, சென்னை போன்ற பெருநகரங்கள் அடங்கிய அ மண்டலத்தில் ஐ.டி.வி.யில் 3.362 சதவீதம், மற்ற ஊர்கள் அடங்கிய ஆ மண்டலத்தில் 3.267 சதவீதம். கார் எங்கே நிற்கிறது என்பதைப் பார்ப்பதில்லை, எங்கே பதிவானது என்பதே கணக்கு. எங்கள் கார் தஞ்சாவூர்ப் பதிவாதலால் 4 லட்சத்துக்கு 13,068 ரூபாய் ஆயிற்று. மூன்றாம் தரப்பு 2,094 சேர்த்து 15,162. அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2,729, ஆக 17,891 ரூபாய். உரிமையாளரே ஓட்டினால் எடுக்க வேண்டிய 15 லட்ச ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பு இதில் சேராது. அது உங்களிடம் வேறு பாலிசி வழியாக ஏற்கெனவே இருந்தால், சொல்லி நீக்கிக்கொள்ளலாம்.

இந்தத் தொகை பெரிதாகத் தோன்றினால், மூன்றாம் தரப்போடு தீ, திருட்டு மட்டும் சேர்த்த கட்டுப்படுத்தப்பட்ட காப்பைக் கேளுங்கள். மறுசீரமைப்பில் மாதக்கணக்கில் பட்டறையில் நிற்கும் காருக்கு அது போதும். ஆனால் மரம் விழுதல், வெள்ளம், மோதல் ஆகியவை அதில் வராது என்பதை மறக்க வேண்டாம்.

பிரீமியத்தைக் குறைக்க, இழப்பில் ஒரு பகுதியை நாமே ஏற்பதாக எழுதிக் கொடுக்கச் சொல்வார்கள். பழைய கட்டண விதிப்படி 15,000 ரூபாயை ஒவ்வொரு முறையும் நாம் ஏற்றால் 35 சதவீதத் தள்ளுபடி, ஆனால் உச்சவரம்பு 2,500 ரூபாய். 2,500 ரூபாய் மிச்சப்படுத்த 15,000 ரூபாயைப் பணயம் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆட்டோமொபைல் சங்க உறுப்பினர் என்றால் 5 சதவீதம், அதிகபட்சம் 200 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தினால் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய். இவற்றைக் கேட்டால் தருவார்கள்.

6. பயன்பாட்டை மறைக்காதீர்கள்

பழங்காரைக் கல்யாண ஊர்வலத்துக்கும் படப்பிடிப்புக்கும் கேட்பவர்கள் நம் ஊரில் அதிகம். தனியார் கார் பாலிசி, வாடகைக்கோ கைம்மாறு பெற்றோ ஓட்டுவதைத் தெளிவாக விலக்குகிறது. நண்பரின் மகள் கல்யாணத்துக்கு அன்போடு கொடுப்பது வேறு. டீசலுக்கு என்று சொல்லி 5,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அனுப்புவது வேறு. பின்னதில் விபத்து நேர்ந்தால் பாலிசி கைகொடுக்காது, வெள்ளைப் பலகை காரை வாடகைக்கு விட்ட குற்றமும் சேரும்.

பந்தயம், வேகச் சோதனை, நம்பகத்தன்மை ஓட்டம் ஆகியவையும் விலக்கில் உள்ளன. கிளப் நடத்தும் ஊர்வலம் இதில் சேருமா என்ற சந்தேகத்தை ஊர்வல நாளில் தீர்க்க முடியாது. முன்கூட்டியே கடிதம் கொடுத்து, ஊர்வலத்துக்கான எண்டார்ஸ்மென்ட்டை (பாலிசியோடு இணைக்கும் கூடுதல் நிபந்தனைக் குறிப்பை) பாலிசியில் சேர்த்து வாங்குங்கள்.

7. வாங்கும் இடமும் விண்ணப்பமும்

இணையத்தில் விலை பார்ப்பதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். பழைய பதிவு எண்ணை அந்தப் படிவங்கள் ஏற்பதில்லை, மாடல் பட்டியலில் ஹெரால்டும் இருப்பதில்லை. சிலர் பட்டியலில் உள்ள ஏதோ ஒரு மாடலைத் தேர்ந்தெடுத்துப் பாலிசி எடுத்துவிடுகிறார்கள்; அந்தத் தாள் இழப்பீட்டு நாளில் உதவாது. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல் ஆகிய நான்கு பொதுத்துறை நிறுவனங்களின் கிளைகளிலும், பழங்கார்களுக்கு ஏற்கெனவே பாலிசி எடுத்துக் கொடுத்த அனுபவமுள்ள தரகர்களிடமும் நேரில் கேளுங்கள். குறைந்தது மூன்று இடத்தில் எழுத்தில் விலைப்புள்ளி வாங்குங்கள். கிளைக்குக் கிளை பதில் மாறும், அலுவலருக்கு இதில் முன் அனுபவம் இருக்கிறதா என்பதைப் பொறுத்து.

ஆர்.சி., முந்தைய பாலிசி, மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று, ஆதார், பான், ஓட்டுநர் உரிமம், நான்காம் படியில் சொன்ன மதிப்புக் கோப்பு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். முந்தைய பாலிசி ஒரு நாள் விட்டுப்போயிருந்தாலும் காரை நேரில் பார்வையிட்ட பிறகே சொந்தச் சேதக் காப்பு தருவார்கள். 90 நாள் விட்டுப்போனால், இழப்பீடு கோராத ஆண்டுகளுக்காகச் சேர்ந்திருந்த 20 முதல் 50 சதவீதம் வரையிலான தள்ளுபடியும் அழிந்துவிடும். அதனால் பாலிசி முடிய 45 நாள் இருக்கும்போதே வேலையைத் தொடங்குங்கள். முதல் முறை என்றால் 75 நாள்.

முன்மொழிவுப் படிவத்தை வெற்றாகக் கையெழுத்திட்டு முகவரிடம் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே நிரப்பி, பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, மதிப்பீட்டு அறிக்கையை இணைத்திருப்பதாகப் படிவத்திலேயே எழுதி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

8. பாலிசி கைக்கு வந்ததும்

அன்றே படியுங்கள். பெயர், பதிவு எண், எஞ்சின் எண், சேஸிஸ் எண், தயாரிப்பு ஆண்டு, சி.சி., ஐ.டி.வி., பதிவு மண்டலம், கேட்ட எண்டார்ஸ்மென்ட்கள் ஆகியவற்றை ஆர்.சி.யோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். எங்களுக்குத் தயாரிப்பு ஆண்டு 1996 என்று வந்தது. இரண்டு இலக்கம் இடம் மாறிவிட்டது. கடிதம் கொடுத்துத் திருத்த நான்கு நாள் ஆயிற்று.

9. சேதம் நேர்ந்தால்

காரை நகர்த்துவதற்கு முன் படம் எடுங்கள், நிறுவனத்துக்குத் தகவல் சொல்லுங்கள், சர்வேயர் பார்க்கும் வரை எதையும் கழற்ற விடாதீர்கள். வெள்ளத்தில் நின்ற காரை ஒருமுறைகூட ஸ்டார்ட் செய்ய வேண்டாம். தண்ணீர் புகுந்த எஞ்சின் அதனால் உடைந்தால், அது வெள்ளத்தின் நேரடிச் சேதமன்று என்று ஒதுக்கிவிடுவார்கள். விபத்துக்குப் பின் காரைத் தூக்கிச் செல்ல வழக்கமான பாலிசி தருவது 1,500 ரூபாய் மட்டுமே. தஞ்சாவூரிலிருந்து சென்னைக்கு லாரியில் ஏற்றிவர அது எந்த மூலைக்கும் போதாது.

பட்டறை ரசீதை எப்படி எழுதி வாங்குகிறோம் என்பதில் பெரிய தொகை அடங்கியிருக்கிறது. 10 ஆண்டு கடந்த காரின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கும் 50 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு கிடையாது. கூலிக்கும் கழிவு கிடையாது. பழங்காரில் புதிய மட்கார்டு வாங்கிப் பொருத்துவதில்லை. தகட்டை வெட்டி, அடித்து, வளைத்துக் கையால் செய்கிறார்கள். அதில் தகட்டின் விலை சிறிது, உழைப்பின் விலையே பெரிது. ‘முன் மட்கார்டு, 30,000’ என்று ஒரே வரியாக எழுதினால் 15,000 ரூபாய் கழியும். தகடு 5,000, டிங்கரிங் கூலி 25,000 என்று உள்ளபடி பிரித்து எழுதினால் கழிவது 2,500 ரூபாய்தான். பெயின்ட்டிலும் பொருளுக்கு மட்டுமே 50 சதவீதக் கழிவு. ரசீதில் பிரிக்காமல் விட்டால் மொத்தத்தில் 25 சதவீதத்தைப் பொருளாகக் கொண்டு கணக்கிடுவார்கள். டிங்கரிங் மேஸ்திரியிடம் இதை வேலை தொடங்கும் முன்பே விளக்கிச் சொல்லிவிடுங்கள்.

முழு இழப்பு என்று முடிவு செய்தால், காரை அவர்களிடம் ஒப்படைக்காமல் சிதைந்த காரின் விலையைக் கழித்துக்கொண்டு மீதியைப் பெறும் வழியைக் கேளுங்கள். அந்த விலைக்கு எழுத்தில் விளக்கமும் கேளுங்கள். ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும் என்று யாரேனும் சொன்னால், கையெழுத்திடும் முன் அது எந்த விதியின்படி என்று எழுத்தில் பெறுங்கள். ரத்தான பதிவை மீண்டும் பெறுவது மிகவும் கடினம்.

நிறுவனத்தின் முடிவில் குறை இருந்தால், அதன் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். மறுத்தாலோ, ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள், காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் செல்லலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் தேவையில்லை, 50 லட்ச ரூபாய் வரையிலான கோரிக்கைகளை எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. புகாரோடு முன்மொழிவுப் படிவத்தின் முத்திரையிட்ட பிரதி, மதிப்பீட்டு அறிக்கை, சர்வேயரின் இழப்பு அறிக்கையின் பிரதி ஆகிய மூன்றையும் இணையுங்கள். இழப்பு அறிக்கையின் பிரதியைத் தாமாகத் தராவிட்டால், நிறுவனத்திடம் எழுதிக் கேட்டு வாங்குங்கள்.